சாவியைத் திருப்பினால் குரல் நின்றுவிடும்

ஸ்டீரியோ மாட்டுவது எப்படி என்று சொல்லித்தர உங்களுக்கு ஆள் நிறைய இருக்கிறது. எந்த வயர் எங்கே போகும் என்பது பெட்டிக்குள் வரும் தாளிலேயே இருக்கிறது. இந்த வேலைக்குப் புதிதாக வந்த நீங்கள் என்னிடம் கேட்டது வேறு. கடையை உங்களிடம் ஒப்படைத்த அன்று டீ குடித்துக்கொண்டே, "அக்கா, இத்தன வருஷத்துல நீங்க பண்ண பெரிய தப்பு எது?" என்று கேட்டீர்கள். சிரித்து மழுப்பிவிட்டேன். அதற்குக் காரணம், பதில் உடனே நினைவுக்கு வந்ததுதான். இப்போது எழுதித் தருகிறேன்.

என்னைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம்தான் தெரியும். ஓசூரில் கார்களுக்கு வயர் கட்டுகள் செய்யும் கம்பெனி ஒன்றில் பத்து வருஷம் லைனில் நின்றேன். பிறகு நானும் என் கணவரும் பாகலூர் ரோட்டில் கார் ஆடியோ கடை போட்டோம். வருகிறவர்களிடம் அவர் பேசுவார், நான் வயரிங் பார்ப்பேன். நாலாவது வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது, போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அதன்பிறகு பேச்சும் வயரிங்கும் நானே. கடைக்குள் வருகிறவர்கள் என் தலைக்கு மேலாகப் பார்த்து, "மெக்கானிக் இல்லீங்களா?" என்பார்கள். "நான்தாங்க" என்றால் பாதிப் பேர் உட்காருவார்கள், மீதிப் பேர் போன் வந்த மாதிரி வெளியே போய்விடுவார்கள். உட்கார்ந்தவர்களை வைத்துத்தான் கடை ஓடியது.

பழைய வண்டிகளில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதுவும் ஒரு தப்பிலிருந்து வந்ததுதான். ஆரம்பத்தில் ஒரு டாக்டரம்மா, அவர் மாமனார் வைத்திருந்த பழைய பத்மினி காரைக் கொண்டுவந்தார். புதிய செட் பழைய ஓட்டையில் நுழையவில்லை. டேஷ்போர்டை அரை அங்குலம் அறுத்தேன். அந்தம்மா வந்து பார்த்தார். திட்டவில்லை. அறுத்த விளிம்பில் விரலை வைத்துத் தடவிவிட்டு, "இது திரும்ப வளராதில்ல" என்றார். அதற்குப் பிறகு எந்தப் பழைய வண்டியின் தகட்டையும் நான் அறுத்ததில்லை. புதிய செட்டை கிளவ் பாக்ஸுக்குள் மறைத்து, பழைய ரேடியோவின் முகத்தை அப்படியே விட்டுவிடுவேன். இந்தச் செய்தி வாய்வழியாகப் பரவி, தூரத்திலிருந்தும் வண்டிகள் வந்தன.

அப்படித்தான் பர்கூரிலிருந்து நாராயணப்பா வந்தார். எழுபதைத் தாண்டியவர். கிரானைட் பாலிஷ் பட்டறை வைத்திருந்து விற்றுவிட்டவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகன் சுதாகர் பெங்களூரில் வேலையில் இருந்தான். வண்டி கரும்பச்சை அம்பாசிடர், மார்க் டூ. மகன் வாங்கி அனுப்பிய புது செட் பின் சீட்டில் பெட்டியோடு இருந்தது. போனை அதில் இணைத்துவிட்டால் கூப்பிடுகிறவர் குரல் கார் ஸ்பீக்கர்களில் வரும், நாம் பேசுவதைக் காருக்குள் இருக்கும் மைக் எடுத்துக்கொள்ளும். மகன் முன்கூட்டியே போன் செய்து, "மேடம், டேஷ்ல கை வெக்காதீங்க. சத்தம் நல்லா இருக்கணும், அவ்ளோதான்" என்று சொல்லியிருந்தான்.

அன்று முழுக்க நாராயணப்பா கடையிலேயே இருந்தார். உரக்கப் பேசுவார். நான் பேசும்போது என் வாயையே பார்ப்பார். டேஷுக்கு அடியில் படுத்துக்கொண்டு நான் ஏதாவது கேட்டால் பதில் வராது. கொஞ்சம் தலைக்கனம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் வேலை முடிந்தது. அவரைக் காருக்குள் உட்காரவைத்து, கதவுகளைச் சாத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, நான் வெளியே நின்று என் போனிலிருந்து கூப்பிட்டேன்.

"சார், கேக்குதுங்களா?"

கண்ணாடி வழியே பார்த்தேன். அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"சார்?"

"இன்னும் கொஞ்சம் பேசும்மா."

"என்ன பேசறதுங்க?"

"எதாச்சும்."

காலையில் உப்புமா கிண்டியதை, அது அடிப்பிடித்ததை, பக்கத்து வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போனதைச் சொன்னேன். அவர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். அடிப்பிடித்த உப்புமாவுக்கு இவ்வளவு கவனமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போதே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். வேலை முடிந்த களைப்பு. கேட்கவில்லை.

இரண்டு வாரத்தில் பேட்டரி இறங்கிவிட்டது என்று போன் வந்தது. வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்து ஓசூருக்குக் கொண்டுவந்தார். அரை நாள் சோதித்தேன். மின்கசிவு எங்கேயும் இல்லை.

"எஞ்சின் ஓடாதப்ப செட்ட போட்டு உக்காந்திருக்கீங்களா சார்?"

"இல்லம்மா, இல்ல." ரொம்ப வேகமாகச் சொன்னார்.

முதலில் அவர் கேட்டபடி, சாவி இல்லாமலே செட் ஓடுகிற மாதிரி தனி ஸ்விட்ச் கொடுத்திருந்தேன். அணைக்க மறந்துவிடுகிறார் என்று முடிவுகட்டி அந்த ஸ்விட்சைக் கழற்றினேன். சாவியோடு இணைத்தேன். சாவியைத் திருப்பி எடுத்தால் செட் தானே நின்றுவிடும். இனி மறக்கவே முடியாது என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் வாடியது. வயரிங் பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன்.

பத்து நாளில் மறுபடியும் போன். மறுபடியும் பேட்டரி. வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்துவிட்டு உள்ளே உட்கார்ந்து பேசுகிறாராம். கடையில் இரண்டு வண்டிகள் காத்திருந்தன, ஒருவர் என் முன்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "டெய்லி ஒரு அரை மணி நேரம் எஞ்சின ஓட விடுங்க சார், சரியாயிடும்" என்றேன்.

"சரேம்மா" என்று வைத்துவிட்டார்.

நீங்கள் பழைய வண்டிகளில் கைவைத்தால் தெரிந்துகொள்வீர்கள், அந்தக் காலத்து டைனமோ, வண்டி நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓட்டினால் சார்ஜ் ஏற்றுவதே இல்லை என்று சொல்லலாம். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். அவருக்கு வழி சொல்ல நான் அதைச் சொல்லவில்லை. போனை வைப்பதற்காகச் சொன்னேன், அவ்வளவுதான்.

மூன்று நாள் அது உள்ளே முள்ளாகக் குத்தியது. நாலாம் நாள் மதியம், ஒரு மணி இருக்கும், நானே கூப்பிட்டேன். அத்திபெலேயிலிருந்து வந்திருந்த ஒரு டாக்ஸிக்காரர் மட்டும் கடையில் இருந்தார்.

"சார், ரெஜினா பேசறேன், ஓசூரு. பேட்டரி எப்பிடி இருக்குதுங்க?"

"நல்லா… இருக்குதும்மா. நீ சொன்னாப்பல… ஓட உட்டிருக்கேன்."

சொற்கள் இழுத்துக்கொண்டு வந்தன. பின்னால் எஞ்சின் சத்தம். ஆனால் காற்று இல்லை, ஹாரன் இல்லை, சாலை இல்லை. குடத்துக்குள் இருந்து கேட்பதுபோல ஒரு சத்தம்.

"எங்க சார் இருக்கீங்க?"

"வீட்லதான். ஷெட்ல."

"ஷட்டர் தொறந்திருக்குதா?"

"மூடிட்டேன். ரோட்ல கல்லு லாரி போவுதில்ல… தூசி, சத்தம். தலதான் நோவுது. நேத்தும் நோவுச்சு."

மூடிய ஷெட்டுக்குள் பெட்ரோல் எஞ்சின். அந்தப் புகையிலுள்ள விஷம் கண்ணுக்குத் தெரியாது, மணம் வராது, ஆளைத் தூங்கவைத்துக் கொண்டுபோய்விடும். அதை ஓடவிடச் சொன்னது நான்.

"சார், எஞ்சின நிறுத்துங்க. இப்பவே. சாவிய திருப்புங்க."

"வேணாம்மா."

"சார்! அந்தப் புகை விஷங்க. நிறுத்துங்க."

"சாவிய திருப்பினா இதும் நின்னு போவுமே… நீதான அப்பிடி மாத்தின. ஒன்றர மணிக்கு சுதா கூப்புடுவான். போன காதுல வெச்சா எனக்குக் கேக்காதும்மா. ரெண்டு காதும் போயிடுச்சு. இதுக்குள்ள உக்காந்தாதான் அவன் பேசறது கேக்குது. சில நாளு ஒன்றரைக்கு வரும். சில நாளு மூணாவும். சில நாளு வராது. உக்காந்திருப்பேன்."

பேட்டரி ஏன் இறங்கியது என்று அப்போதுதான் புரிந்தது. வயரில் தேடிய கசிவு இதுதான்.

என் பயத்தை அளக்க முடியாது, ஆனால் அந்த நேரத்தில் மண்டை மட்டும் தெளிவாக வேலை செய்தது. அவர் சாவியைத் திருப்பாவிட்டால் அந்தப் புகையிலேயே உட்கார்ந்திருப்பார். திருப்பினால் என் குரல் அவருக்கு நின்றுவிடும். தலை சுற்றுகிற மனுஷன், காது கேட்காமல், மூடிய ஷெட்டில், அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் சீட்டிலேயே சாய்ந்துவிடுவார். ஆகவே குரல் இருக்கும்போதே எல்லாவற்றையும் அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். கத்தினால் குழம்புவார். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"சார், சுதா கூப்பிட்டா நான் சொல்லிக்கறேன். நான் சொல்றத மட்டும் செய்ங்க. நாலே வேலை. சாவிய திருப்பணும். கதவ தொறந்து எறங்கணும். ஷட்டர தூக்கணும். ரோட்டுக்கு போயி உக்காரணும். அதுக்கப்புறம் நான் பேசறது உங்களுக்குக் கேக்காது. கேக்கலன்னாலும் நடுவுல நிக்கக் கூடாது. திருப்பிச் சொல்லுங்க."

"சாவி… கதவு…"

"ஷட்டர்."

"ஷட்டர்."

"அப்பறம்?"

"ரோடு."

"இன்னொரு வாட்டி, சார்."

"சாவி. கதவு. ஷட்டர். ரோடு."

"இப்ப திருப்புங்க."

எஞ்சின் நின்றது. அதோடு செட்டும் அணைந்தது. அழைப்பு அவர் கைபோனுக்கு மாறியதை அந்த மெலிந்த சத்தத்தில் தெரிந்துகொண்டேன். எனக்கு அவர் பக்கம் கேட்டது. அவருக்கு என் பக்கம் கேட்காது. கதவு கிறீச்சிட்டது. செருப்பு தரையில் தேய்ந்தது. பிறகு எதுவோ தடாலென்று விழுந்தது. அதன்பிறகு ஒன்றுமில்லை.

"சார்! சார்!" என்று கத்தினேன். யாருக்கு?

டாக்ஸிக்காரர் ஓடிவந்தார். "ஏனாயித்து மேடம்? என்ன ஆச்சு?"

"ஆம்புலன்சுக்கு போன் போடுங்கண்ணா. பர்கூரு. மூடின ஷெட்ல புகை. வயசானவரு."

"பர்கூர்ல எல்லி? எங்கே மேடம்?"

எனக்குத் தெரியவில்லை. அந்த மனுஷனின் டேஷ்போர்டு ஆழம் எத்தனை அங்குலம் என்று எனக்குத் தெரியும். வீடு எந்தத் தெரு என்று தெரியாது. இரண்டு முறை என் கடைக்கு வந்தவர். ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"பச்சை அம்பாசிடர் வெச்சிருக்கற நாராயணப்பா வீடுன்னு சொல்லுங்க. முன்னாடி பாலிஷ் பட்டறை வெச்சிருந்தவரு."

டாக்ஸிக்காரர் பாதித் தமிழில் பாதிக் கன்னடத்தில் அதை அப்படியே சொன்னார். பிறகு மகனின் எண்ணைக் கொடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. என் போனை நான் காதிலிருந்து எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

பிறகு தகரம் உரசுகிற சத்தம். ஒரு முறை. நின்றது. மறுபடி ஒரு முறை. கடகடவென்று ஷட்டர் மேலே போனது. அதன் பின்னாலேயே சாலை முழுக்க உள்ளே புகுந்தது. லாரி ஹாரன், யாரோ பைக்கை முறுக்குவது, ஒரு நாய். விலை உயர்ந்த ஸ்பீக்கர்களில் எத்தனையோ சத்தம் கேட்டிருக்கிறேன். கல் லாரியின் ஹாரனைக் கேட்டு அழுதது அன்றைக்கு மட்டும்தான்.

"ரெஜினாம்மா…" மூச்சு வாங்கியது. "ரோட்டுக்கு வந்துட்டேன். உக்காந்துட்டேன். நீ பேசறியா இல்லியான்னு தெரியல. பேசறதா இருந்தா பேசு. எனக்குக் கேக்காது, பரவால்ல."

நான் பேசினேன். ஆம்புலன்ஸ் சைரன் போனில் கேட்கிற வரைக்கும் என்னென்னவோ பேசினேன்.

மறுநாள் காலை பஸ் பிடித்து கிருஷ்ணகிரிக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். ஆபத்து இல்லை என்றார்கள். இறங்கும்போது கால் தடுக்கி விழுந்ததில் முழங்கை வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் மூக்கிலிருந்த மாஸ்க்கை விலக்கி, தன்னால் முடிந்த அளவு மெதுவாக, "காது சங்கதி அவன்கிட்ட சொல்லாதம்மா. வண்டிய வித்துருவான். பெங்களூர்ல எட்டாவது மாடில கொண்டுபோயி வெச்சுருவான்" என்றார்.

மகன் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனான். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள்.

"மேடம், உண்மைய சொல்லுங்க. மூடின ஷெட்டு, எஞ்சின் ஓடுது. அவரே பண்ணிக்கிட்டாரா?"

அந்தக் கேள்வியை அவன் எத்தனை மணி நேரம் உள்ளே வைத்திருந்தானோ. சொல்ல வேண்டியது இரண்டு இருந்தது. ஒன்று என்னுடையது, இன்னொன்று அவருடையது. என்னுடையதைச் சொல்ல நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

"இல்ல தம்பி. எஞ்சின ஓட விடச் சொன்னது நான்தான். வண்டி எங்க நிக்குதுன்னு கேக்காம போன்ல சொல்லிட்டேன். அது சரியான யோசனையும் இல்ல. என் தப்பு."

அவன் சத்தம் போடவில்லை. "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல மேடம்" என்றான். அதைவிட நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

பிறகு, "சரி. ஆனா மத்தியானத்துல எதுக்கு அந்த வண்டிக்குள்ள போயி உக்காரணும்? வீட்ல ஃபேன் இருக்குது, டிவி இருக்குது. நான் கூப்பிட்டா வீட்டுக்குள்ள இருந்தே பேசலாமே" என்றான்.

கதவு திறந்திருந்தது. கட்டிலிலிருந்து நாராயணப்பா எங்கள் வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார், வேண்டாம் என்று.

நான் சொல்லிவிட்டால் அந்த மனுஷன் என்மேல் வைத்த நம்பிக்கை போகும். சொல்லாமல் பஸ் ஏறிவிட்டால், அப்பா சாகப் பார்த்தாரோ என்ற சந்தேகம் இவன் நெஞ்சில் ஒரு மூலையில் கடைசி வரைக்கும் இருக்கும்.

"அத அவரையே கேளுங்க தம்பி" என்றேன். "ஆனா இங்கிருந்து கேக்காதீங்க. கிட்ட போயி, முகத்துக்கு நேரா உக்காந்து, வாய் தெரியற மாதிரி மெதுவா கேளுங்க. போன்ல எப்பவும் கேக்காதீங்க."

அவன் என்னையே பார்த்தான். பிறகு திரும்பி அப்பாவைப் பார்த்தான். அங்கிருந்தே, "அப்பா" என்று சாதாரணக் குரலில் கூப்பிட்டுப் பார்த்தான். அந்த நேரம் கிழவர் முழங்கைக் கட்டைச் சரிசெய்ய முகத்தைத் திருப்பியிருந்தார். நிமிரவில்லை. அவன் இன்னொரு முறை கூப்பிடவில்லை. உள்ளே போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு, முழங்கால் கட்டிலில் இடிக்க உட்கார்ந்தான். அவர்கள் பேசியது எனக்குத் தெரியாது. நான் படியிறங்கிவிட்டேன்.

அதிலிருந்து நான் மாற்றிக்கொண்டது கொஞ்சம்தான், உங்களுக்கும் அதையே சொல்கிறேன். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்முன் அது எங்கே நிற்கும், உள்ளே யார் உட்காருவார், எதற்காக உட்காருவார் என்று கேளுங்கள். ஒரே குறை இரண்டாம் முறை வந்தால் வயரை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். பொய் சொல்கிறார் என்று தெரிந்தால், அந்தப் பொய்க்கு ஒரு காரணம் இருக்கும். முன்னால் ஆள் நிற்கிறது என்பதற்காகப் போனில் வைத்தியம் சொல்லாதீர்கள். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி கூப்பிடுங்கள்.

ஒன்றரை மாதம் கழித்து அவரே வண்டியை ஓட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். இரண்டு காதிலும் மெஷின். எட்டாவது மாடிக்கு அவரை யாரும் கொண்டுபோகவில்லை. மகன்தான் வாரக் கடைசியில் பர்கூருக்கு வந்துபோகிறானாம்.

"காக்கா இவ்ளோ அசிங்கமா கத்தும்னு மறந்தே போச்சும்மா" என்றார். "ஸ்பூன் கீழ உழுந்தா குண்டு போட்ட மாதிரி இருக்குது."

"செட்டு எப்பிடி இருக்குதுங்க?"

"அதுக்குத்தான் வந்தேன். கழட்டிரு. இப்ப அடுப்புக்கிட்ட நின்னுகூட அவன்கிட்ட பேசறேன். அதுக்குள்ள உக்காந்தா தல நோவற மாதிரியே இருக்குது."

கழற்றினேன். தகட்டை அறுக்காததால் அங்கே ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை. இருவரும் டீ குடித்தோம். முன்பு மாதிரி என் வாயைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். வண்டி பாகலூர் ரோட்டில் திரும்பி மறைந்தது.

நல்ல வேலை செய்தால் ஆள் திரும்பி வரமாட்டார் என்று நம் தொழிலில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அப்படித் திரும்பி வராதவர்களைக் கொண்டே ஒரு தொழிலை இத்தனை வருஷம் நடத்துவது எப்படி இருக்கும் என்று யாரும் சொல்வதில்லை. அந்த இரண்டு மூன்று மாதத்தில் எனக்கு அதிகமாக வந்த போன் அவருடையதுதான். இனி அவருக்கு என்னைக் கூப்பிட ஒரு காரணமும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்கக் கூடாதுதான்.

சாயங்காலம் கடை சாத்துகிற நேரத்தில் அவரே கூப்பிட்டார். "வந்து சேந்துட்டேம்மா. எதுக்குக் கூப்ட்ட? எதாச்சும் மறந்து வெச்சுட்டு வந்துட்டனா?"

"இல்லீங்க சார். சும்மாதான்."

"சும்மாவா?" என்று சிரித்தார்.

அதற்குமேல் இருவருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் பக்கம் குக்கர் விசில் அடித்தது. என் பக்கம் பஸ் ஒன்று போனது. அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.